பூட்டிய பெட்டியில் நம் ரப்பர்

ராசாவிலும் சிரம்பான் வட்டாரத் தோட்டங்களிலும் நாம் சீவிய பால் எந்த நாட்டுக்குப் போகலாம் என்பதை நம்மைக் கேளாமலே தீர்மானித்த காலம் ஒன்று இருந்தது. 1951 மே மாதம் மலாயா ரப்பர் சீனாவுக்குப் போவதைப் பிரிட்டன் நிறுத்தியது. அது ஊரறிய நடந்தது. ஊரறியாமல் நடந்தது வேறு. கம்யூனிஸ்டு நாடுகளுக்கு எந்தச் சரக்கை விற்கக் கூடாது என்று முடிவு செய்ய, 1950 முதல் பாரிசில் 'கோகோம்' என்றொரு குழு கூடிவந்தது. ஒப்பந்தப் பத்திரம் கிடையாது, பட்டியலும் இரகசியம்.

வெளியே தெரிந்தால் சொந்த நாட்டில் எதிர்ப்புக் கிளம்பும் என்று ஐரோப்பிய அரசுகள் அஞ்சின. அமெரிக்கக் காங்கிரசோ, நம் உதவியை வாங்குகிறவர்கள் அங்கே என்ன விற்கிறார்கள் என்று கணக்குக் கேட்டு, 1951-ல் 'பாட்டில்' சட்டத்தையே கொண்டுவந்தது. ஒரே அணிக்குள் மனத்தாங்கல்!

மரம் வெட்டுகிறவனை யார் நினைத்தார்கள்? 1951 தொடக்கத்தில் இறாத்தல் இரண்டு வெள்ளிக்கு மேல் விற்ற ரப்பர், 1953-ல் எழுபது காசுக்கும் கீழே இறங்கியது. எல்லாம் தடையின் வேலை என்று நாம் சொல்லவில்லை. கொரியப் போர்க் கிராக்கி தணிந்ததே பெருங்காரணம். ஆனால் விலையோடு கூலியும் இறங்கிய அந்நாளில் பெரிய வாடிக்கைக்காரர் ஒருவருக்குக் கதவு சாத்தியிருந்தது மெய்.

இலங்கை 1952-ல் ஆண்டுக்கு 50,000 டன் ரப்பருக்கு 270,000 டன் அரிசி என்று சீனாவோடு பகிரங்கமாகவே கையெழுத்திட்டது. அமெரிக்க உதவி நின்றது, அரிசி வந்தது. நமக்கோ 1956-ல்தான் தடை தளர்ந்தது.

கோகோம் 1994-ல் கலைந்தது. 1996-ல் அதனிடத்தில் வந்த வாசெனார் ஏற்பாடு தன் பட்டியலை வெளியிட்டே வருகிறது. அன்று மட்டும் அதை நம்மிடமிருந்து ஏன் மறைத்தார்கள்?