அங்க ஸ்டாரு, இங்க கேஸு

போன மாசம் பெங்களூரு போயிருந்தேன். எங்க அக்கா மவன் அங்க கம்ப்யூட்டர் கம்பெனியில இருக்கான். ராத்திரி ஒரு கடைக்குக் கூட்டிட்டுப் போனான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆள் உயரத்துக்கு எவர்சில்வர் அண்டா நிக்குது. பீரை அங்கயே காய்ச்சி அங்கயே ஊத்துதாங்க.

"மாமா, இது பேல் ஏல். வெறும் 3.8 சதவீதம்தான். பயப்படாம குடிங்க" அப்படின்னான்.

குடிச்சேன். மறைக்கதுக்கு ஒண்ணுமில்ல. நல்லெண்ணெய் நிறம், மேல ரெண்டு விரல் நுரை. மூக்குகிட்ட கொண்டு போனா நாரத்தை இலையைக் கசக்குன மாதிரி வாசம். அது ஹாப்ஸ்னு ஒரு கொடியோட பூவாம். நாக்குல முதல்ல லேசா இனிப்பு, விழுங்குன பிறகு வேப்பம்பூ ரசம் மாதிரி ஒரு கசப்பு. போதை கம்மியா காய்ச்சுனதால கொஞ்சம் தண்ணியா இருந்துச்சு. ஆனா மோசமில்ல.

குடிச்சு முடிச்சதும் மருமவன் போனை நீட்டுதான். "ரேட்டிங் போடுங்க மாமா." நிறம், வாசம், ருசி எல்லாம் பார்த்து அஞ்சுக்கு எத்தனை ஸ்டாருன்னு குத்தணுமாம். மூணு போட்டேன். பக்கத்து மேசைப் பையன் ஒருத்தன் அரை மணி நேரமா அதுக்கு விமர்சனம் எழுதிட்டு இருந்தான். சந்தோசம்தான், நான் குறை சொல்லல. பில்லு வந்துச்சு. ஒரு கிளாஸ் நானூறு ரூவாய்க்கு மேல.

ஊருக்கு வந்து இறங்குனா, எங்க வயலுக்கு அடுத்த விளையில பனையேறுத சித்தப்பா வீட்டுத் திண்ணையில உக்காந்திருக்காரு. வயசு அறுபதுக்கு மேல. கலயத்துல சுண்ணாம்பு பத்தலன்னு கேஸு. கலயத்தை உடைச்சுப் போட்டுட்டாங்க, கோர்ட்டுக்கு வேற நடக்கணும். நான் பெங்களூருல ஸ்டாரு போட்ட அதே வாரம் நடந்திருக்கு.

தெரியாதவங்களுக்காகச் சொல்லுதேன். பனைல பாளையைச் சீவி, கலயத்தைக் கட்டுவாங்க. கலயத்துக்குள்ள சுண்ணாம்பு தடவி இருந்தா வடியுதது பதனி. தடவலன்னா காத்துல இருக்க ஈஸ்ட்டும் கலயத்துல ஒட்டியிருக்க நுண்ணுயிரும் சேர்ந்து சீனியைத் தின்னு தானா நொதிக்கும், அது கள். மரம் ஒண்ணு, பாளை ஒண்ணு, ஆளு ஒண்ணு. நடுவுல ஒரு கை சுண்ணாம்பு. அதுதான் சட்டம் போட்ட கோடு.

அந்த எவர்சில்வர் அண்டாவுல நடக்கதும் இதுதான். பார்லியை முளை கட்டி, லேசா அனல்ல காயவச்சு, வெந்நீர்ல ஊறவச்சு இனிப்பை இறக்கி, ஹாப்ஸ் போட்டுக் கொதிக்கவச்சு, ஆறவச்சு, ஈஸ்ட்டைக் கலந்து நாள் கணக்கா வைக்கணும். பனை இனிப்பை வடிச்சே குடுத்திடுது. அடுப்பு வேண்டாம், அண்டா வேண்டாம். காலையில இறக்குன கள்ளு இனிப்பும் லேசான புளிப்புமா, நாக்குல சுருசுருன்னு இருக்கும். சாயங்காலம் புளிப்பு ஏறும், போதையும் ஏறும். மறுநாள் காடி. ஒரு நாளைக்குள்ள இருக்க கள்ளுல ஏறக்குறைய 4 முதல் 6 சதவீதம் ஆல்கஹால் இருக்கும்.

இப்போ ஒரு கணக்குப் போடுவோம். டாஸ்மாக்ல விக்கிற பிராந்தி, ரம்மு எல்லாம் 42.8 சதவீதம். ஒரு குவார்ட்டர் 180 மில்லி. அதுல சுத்த ஆல்கஹால் மட்டும் 77 மில்லி. அதே 77 மில்லி உடம்புக்குள்ள போகணும்னா அந்த பேல் ஏலை 2 லிட்டர் குடிக்கணும். 5 சதவீதக் கள்ளுன்னா ஒன்றரை லிட்டர். குவார்ட்டரை நம்ம ஆளு அஞ்சு நிமிசத்துல தண்ணி கலந்து சரிச்சிட்டுப் போயிடுதான். ஒன்றரை லிட்டர் கள்ளை அஞ்சு நிமிசத்துல எவனாலயும் குடிக்க முடியாது, வயிறு இடம் குடுக்காது. அப்படி இருக்க, 42.8-ஐ அரசாங்கமே பில்லுப் போட்டு விக்கலாம், 5-ஐ இறக்குனவன் குற்றவாளி. இதுக்கு எந்த ஊருல நியாயம்னு பேரு?

இது இன்னிக்கு நேத்து வந்த கூத்து இல்ல. மதுவிலக்குச் சட்டம் 1937-ல வந்தது. 1971-ல கடையைத் திறந்தாங்க, பிறகு மூடுனாங்க. 1981-ல மறுபடி கள்ளும் சாராயமும் வந்துச்சு. 1987 ஜனவரி 1 முதல் ரெண்டுக்கும் தடை. இதுக்கு நடுவுல 1983-ல டாஸ்மாக் பிறந்தது, 2003-ல சில்லறைக் கடையும் அதும் கைக்குப் போச்சு. ஆட்சி எத்தனையோ தடவை மாறியாச்சு. சீமை பாட்டில் உள்ள வந்துச்சு, பனைக் கலயம் வெளிய போனது போனதுதான்.

எதிர்ப் பேச்சு எனக்கும் தெரியும். எங்க அம்மாவே சொல்லுவா, "அந்தக் காலத்துக் கள்ளுக்கடையால எத்தனை வீட்டுல அடுப்பு எரியலன்னு எனக்குல்லா தெரியும்" அப்படின்னு. அது பொய்யில்ல. 1921-ல ஈரோட்டுல நாகம்மையாரும் கண்ணம்மாளும் கள்ளுக்கடை மறியலுக்கு இறங்குனது சும்மா இல்ல. குடியால அடி வாங்குத பொம்பளை, உள்ள போனது கள்ளா பிராந்தியான்னு பார்க்க மாட்டா. அந்த வலிக்கு நான் தலை வணங்குதேன். முழு மதுவிலக்குன்னு சொல்லி எல்லாக் கடையையும் மூடுனா, கள்ளைப் பத்தி ஒரு வார்த்தை பேச மாட்டேன். ஆனா குவார்ட்டரைக் குடுத்துக்கிட்டே கலயத்தை உடைக்கதுக்குப் பேரு மதுவிலக்கு இல்ல, போட்டிக் கடையை ஒழிக்கது.

கலப்படம்னு சொல்லுவாங்க. அதும் உண்மைதான். குளோரல் ஹைட்ரேட் போட்டுக் கள்ளைக் கெடுத்தவன் இருந்திருக்கான். ஆனா எப்போ கலக்குதான்? கள்ளு மரத்தை விட்டு, ஏலம் எடுத்த காண்ட்ராக்டர் கையில போயி, வண்டியேறி நாலு ஊரு சுத்தும்போது. தடை போட்டா கலப்படம் நிக்குமா? 2024 ஜூன்ல கள்ளக்குறிச்சியில மெத்தனால் கலந்த சாராயம் குடிச்சு 60 பேருக்கு மேல செத்தாங்க. அங்க சாராயத்துக்குத் தடை இல்லாமலா இருந்துச்சு?

செங்கோட்டையைத் தாண்டுனா கேரளா. அங்க கள்ளு ஷாப்பு போர்டு போட்டு நடக்கு. கப்பையும் மீன் கறியும் வச்சு குடும்பத்தோட உக்காந்து சாப்பிடுதாங்க. கள்ளுல எத்தனை சதவீதம் வரை இருக்கலாம்னு விதி இருக்கு. 1969-லயே கள்ளுத் தொழிலாளிக்கு நல நிதிச் சட்டம் போட்டாச்சு. யாழ்ப்பாணத்துல கூட்டுறவுச் சங்கம் பனங்கள்ளைப் புட்டியில அடைச்சு விக்குது. அதே பனை, அதே பாளை. கடலுக்கு அங்கிட்டு சரக்கு, இங்கிட்டு குற்றம்.

நம்ம சாகுபுரத்துக்கு வாரேன். ஒரு பக்கம் ஆலை, ஒரு பக்கம் உப்பளம், மிச்சம் வாழையும் பனையும். காயாமொழி தேரிப் பக்கம் போனா கண்ணுக்கு எட்டுன மட்டும் பனைதான். ஏறத்தான் ஆளில்ல. ஒரு கிலோ கருப்பட்டிக்கு 8 முதல் 10 லிட்டர் பதனியைக் காய்ச்சணும். விறகு வாங்கணும், விடிலியில புகையில நிக்கணும். சீனி கலந்த கருப்பட்டியோட விலையில போட்டி போடணும். உடன்குடி கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைச்சிருக்கு, நல்ல சேதி. 2021 வேளாண் பட்ஜெட்டுல பனையை வெட்டக் கலெக்டர் அனுமதி வேணும்னாங்க, அதும் நல்லதுதான். மரத்துக்குப் பாதுகாப்பு குடுத்தாச்சு. ஏறுதவனுக்கு என்ன குடுத்தீங்க?

2025 ஜூன்ல நம்ம மாவட்டத்துப் பெரியதாழையில சீமான் பனையேறிக் கள் இறக்குனாரு. டிவியில ஓடுச்சு. நான் அந்தக் கட்சி இல்ல, எந்தக் கட்சியும் இல்ல. எந்தத் தலைவரு ஏறுனாலும் கேமரா முன்னால ஒரு நாளு. சித்தப்பா காலையும் சாயங்காலமுமா நாப்பது வருசம் ஏறியிருக்காரு. அதுக்கு அவருக்குக் கிடைச்சது நெஞ்சுல காய்ப்பும் ஒரு சம்மனும்.

நான் கேக்கது பெருசா ஒண்ணுமில்ல. ஏலம் வேண்டாம், காண்ட்ராக்டர் வேண்டாம். பனையேறி பேருக்கு லைசென்ஸு, இத்தனை மரம்னு கணக்கு. கூட்டுறவுச் சங்கம் மூலமா அன்னன்னிக்கு விக்கட்டும். சதவீதத்துக்கு வரம்பு வைங்க, வந்து சோதிங்க, கலந்தவனை உள்ள தள்ளுங்க. பெங்களூரு கடைக்கு ஒரு விதி வச்சு நடத்த முடியும்னா இதுக்கும் முடியும்.

மருமவன் போன்ல கேட்டான், "கள்ளுக்கு எத்தனை ஸ்டாரு மாமா?" கேரளாவுல குடிச்சதை வச்சுச் சொன்னேன். காலைக் கள்ளுக்கு நாலு, மத்தியானத்துக்கு மூணு, சாயங்காலத்துக்கு ரெண்டுகூடத் தேறாது. எல்லாத்தையும் தூக்கிப் பிடிக்க மாட்டேன்.

சித்தப்பா இப்போ மரம் ஏறுததை விட்டுட்டாரு. அவரு மவன் திருப்பூருல பனியன் கம்பெனியில இருக்கான், வர மாட்டேன்னுட்டான். பாளை அருவாளும் தளைநாரும் திண்ணைச் சுவத்துல தொங்குது. எங்க வரப்புல நிக்க பதினோரு பனையும் மாசியில பாளை விடும். கலயம் கட்ட யாருமில்ல.