கேட்பவர்களின் கதையை யார் கேட்பது?

போன வாரம் காலேஜ் தோழி ஒருத்திக்கு ரொம்ப நாள் கழித்து போன் போட்டேன். அவள் மனநல ஆலோசகர். வழக்கம்போல என் ஆபீஸ் புலம்பலை ஆரம்பித்தேன். ரெண்டே நிமிஷம்தான்.

"இன்னிக்கு முடியலடா. காலையிலேர்ந்து பதினோரு பேர். இப்பல்லாம் எதிர்ல உக்காந்து யாராவது அழுதா எனக்குள்ள ஒண்ணுமே ஆகல. அதான் பயமா இருக்கு" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. அவளும் மனுஷிதானே என்று இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட தோணவில்லை பாருங்கள்!

இதற்கு 'பர்ன் அவுட்' என்று பெயர். 1974-ல் இதைப் பற்றி எழுதிய ஃப்ராய்டன்பெர்கர் ஒரு உளவியலாளர். நியூயார்க்கில் இலவச கிளினிக் ஒன்றில் வேலை செய்தபோது, கூட இருந்த தொண்டர்களிடம் பார்த்ததைத்தான் எழுதினார். தானும் அதில் சிக்கியவர். பின்னால் கிறிஸ்டினா மாஸ்லாக் இதை மூன்றாகப் பிரித்தார்: மனசு வற்றிப்போவது, எதிரில் இருப்பவர் வெறும் 'கேஸ்' ஆகிவிடுவது, நாம செய்றதுல பிரயோஜனமே இல்லைன்னு தோணுவது. என் தோழி பயப்படுவது அந்த இரண்டாவதுக்கு.

"நீங்களே இப்படி இருந்தா எப்படி? யோகா பண்ணுங்க" என்று அவளுக்கு அட்வைஸ் வேறு. என் கட்சி என்னவென்றால், இது அவள் மனசின் கோளாறு இல்லை, வேலையின் கோளாறு. உலக சுகாதார நிறுவனமே 2019-ல் இதை நோய் என்று சொல்லவில்லை. வேலையிடத்து அழுத்தத்தைச் சரியாகக் கையாளாததால் வருவது என்றுதான் சொன்னது. 2015-16 தேசிய மனநல ஆய்வில் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களைப் பார்த்தார்கள். லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவராவது இருந்தது கேரளாவில் மட்டும்தான்! அப்புறம் ஒரே நாளில் பதினோரு பேர் வராமல் என்ன செய்வார்கள்?

இன்னொரு சிக்கல், நாம ஆபீஸ் கதையை வீட்டில் கொட்டலாம். அவளால் முடியாது, தொழில் ரகசியம். அதனால்தான் 'சூப்பர்விஷன்' என்று ஒன்று இருக்கிறது. அனுபவமுள்ள இன்னொரு ஆலோசகரிடம் உட்கார்ந்து, பெயர் சொல்லாமல், கேஸையும் தன் மனசையும் பேசுவது. அவளுக்கு அது இருக்கிறதா என்று கேட்டேன். "சொந்தக் காசுல, லீவு நாள்ல போனா உண்டு" என்றாள்.

அதைச் சம்பள நேரத்திலேயே கொடுக்க வேண்டும். ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்று வரம்பும் வேண்டும். இது சலுகை இல்லைங்க. வற்றின கிணற்றில் வாளி விட்டால் நமக்கும்தான் தண்ணி கிடைக்காது.

பி.கு: நேத்து மறுபடி போன் பண்ணினேன். என் புலம்பலுக்கு லீவு. "சாப்டியா?"ன்னு மட்டும் கேட்டேன். நாப்பது நிமிஷம் பேசினாள், முழுக்க அவ வீட்டு மாடித் தோட்டத்தைப் பத்தி :-)