முற்றும் போடாத ஆட்டங்கள்

தொடர்கதை படிக்கிற நமக்கு ஒரு நிம்மதி உண்டு. கதாநாயகியை ஆசிரியர் எத்தனை வாரம் அழ வைத்தாலும், ஒரு வாரம் ‘முற்றும்’ என்று போட்டுத்தான் ஆகவேண்டும். நாமும் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்பைக் கவனிக்கப் போகலாம். வீடியோ கேம்களைப் பற்றி என் அபிப்பிராயம் என்ன என்று கேட்டால், அந்த ஒரு சொல்லைத்தான் காட்டுவேன். எந்த ஆட்டத்துக்கு ‘முற்றும்’ உண்டோ, அது தாராளமாக வீட்டுக்குள் வரலாம். எதற்கு இல்லையோ, அதை வாசலிலேயே நிறுத்தி நாலு கேள்வி கேட்க வேண்டும்.

“இதெல்லாம் பையன்கள் சமாசாரம், நமக்கென்ன?” என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், சகோதரிகளே! ராயபுரம் கல்மண்டபத்தில் குடித்தனம் செய்யும், காதோரம் நரைத்த குடும்ப ஸ்திரீ நான். இட்லிக்கு அரிசியை ஊறப் போட்டுவிட்டு, அது ஊறுகிற நேரத்தில் கேம் ஆடுகிறவள். முப்பது வருஷத்துப் பழக்கம். ஆகவே கொஞ்சம் உரிமையோடேயே பேசுகிறேன்.

★

எங்கள் பேட்டைக்கு இந்தப் பழக்கம் வந்து சேர்ந்த வழி பர்மா பஜார். பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்களின் பிழைப்புக்காக 1969-ல் ராஜாஜி சாலையில், பீச் ஸ்டேஷன் ஓரமாக ஏற்பட்ட கடைவரிசை அது. எதிரே துறைமுகம். வெளிநாட்டுச் சாமான் என்றால் பட்டணமே அங்கேதான் ஓடும். தொண்ணூறுகளில் அங்கே ‘டி.வி. கேம்’ என்று ஒரு பெட்டி கிடைக்கும். ஜப்பானில் நிண்டெண்டோ கம்பெனி 1983-ல் வெளியிட்ட ஃபாமிகாம் இயந்திரத்தின் அச்சு அசலான போலி! கேசட்டின் மேலே ‘9999 ஆட்டங்கள்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். போட்டுப் பார்த்தால் விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்டங்களே பெயரை மாற்றிக்கொண்டு திரும்பத் திரும்ப வரும். ஒரே மாவில் தோசை, ஊத்தப்பம், பணியாரம் என்று நாம் சமாளிப்பதில்லையா, அந்த மாதிரி.

படம் தெரியாவிட்டால் கேசட்டை உருவி, வாயால் ஊதி, மறுபடி செருகுவார்கள், தெரிந்துவிடும். உண்மையில் வேலை செய்தது ஊதல் அல்ல, உருவிச் செருகியதுதான். ஊதியதால் ஈரம் பட்டு உள்ளேயிருந்த உலோகம் கறுத்ததுதான் மிச்சம்.

போலிதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் அதில் ஒரு நாணயம் இருந்தது. கடையில் ஒரே தரம் காசு கொடுத்தோம். அதற்குப் பிறகு அந்த மாரியோ நம்மிடம் கால் காசு கேட்டதில்லை. ராஜகுமாரியை மீட்டால் ஆட்டம் தீர்ந்தது. பையனும் சாப்பிட வந்துவிடுவான்.

★

கம்பெனிகளின் கதையோ நம் தொடர்கதைகளைத் தோற்கடித்துவிடும். நிண்டெண்டோ 1889-ல் கியோட்டோ நகரில் சீட்டுக்கட்டு தயாரிக்க ஆரம்பித்த வீடு. அந்த வீட்டுக்கும் சோனி வீட்டுக்கும் சம்பந்தம் பேசி, இருவருமாகச் சேர்ந்து குறுந்தட்டில் ஓடும் இயந்திரம் செய்வதாக ஏற்பாடு. 1991-ல் சிகாகோ கண்காட்சியில் சோனி அதைச் சபையறிய அறிவித்தது. மறுநாளே நிண்டெண்டோ அதே சபையில் பிலிப்ஸ் கம்பெனியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றது! அவமானப்பட்ட சோனி சும்மா இருக்குமா? 1994 டிசம்பரில் தன் சொந்த இயந்திரத்தைக் கொண்டுவந்தது. அதுதான் பிளேஸ்டேஷன்.

அதன் ஐந்தாவது அவதாரம் 2021 பிப்ரவரியில் நம் நாட்டுக்கு வந்தபோது விலை 49,990 ரூபாய். தட்டுப் போடும் வசதி இல்லாதது பத்தாயிரம் குறைவு. “குறைந்த விலையே போதுமே” என்று தோன்றும். நான் தட்டுள்ளதைத்தான் சொல்வேன். தட்டை ஆடி முடித்தால் பக்கத்து வீட்டுக்கு இரவல் கொடுக்கலாம். பாதி விலைக்காவது விற்கலாம். இந்தப் பத்திரிகையே உங்கள் வீட்டிலிருந்து எத்தனை வீடு போய் வருகிறது! இணையத்தில் இறக்கிய ஆட்டத்தை அப்படிக் கை மாற்ற முடியாது. முழு விலை கொடுத்தும் இரவல் தர முடியாத சாமானைச் சொந்தம் என்று எப்படிச் சொல்வது?

★

அரை லட்சம் கேட்கிற பெட்டியைக்கூட நான் மன்னித்துவிடுவேன். மன்னிக்க முடியாதது, ‘இலவசம்’ என்று கைபேசிக்குள் நுழைகிற ஆட்டத்தைத்தான்.

எதிர்வீட்டுப் பெண்ணின் புருஷன் காசிமேட்டில் விசைப்படகில் போகிறவர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அந்த இரண்டு மாதத்துக்கென்று வருஷம் பூராவும் அவள் சிறுகச் சிறுகச் சேர்ப்பாள். ஏழாம் வகுப்புப் படிக்கும் பிள்ளைதான் அவளுக்குக் கணக்கப்பிள்ளை. கடைக்குப் போனில் பணம் அனுப்புவது அவனே. ரகசிய எண்ணும் அவனுக்கு மனப்பாடம். ஒரு மார்ச் மாதக் கடைசியில் பாங்குக்குப் போனால், பதினோராயிரம் ரூபாயைக் காணோம். ஐம்பதும் நூறுமாக மூன்று வாரத்தில் ஒரு ஆட்டத்துக்குள் போயிருந்தது.

“புள்ள திருடலைக்கா” என்று அழுதாள். “அது காசுன்னே அவனுக்குத் தோணலை. ‘வைரக்கல்லுதாம்மா வாங்கினேன்’றான்.”

அந்தத் தடைக்காலத்தில் அவளுடைய தோடு அடகுக் கடையில் இருந்தது.

பிள்ளை சொன்னதில் பொய் இல்லை; சூழ்ச்சியே அதில்தான் இருக்கிறது. இந்த ஆட்டங்களில் ரூபாயை ரூபாயாகக் காட்ட மாட்டார்கள். முதலில் வைரமாகவோ தங்கக் காசாகவோ மாற்றச் சொல்வார்கள். மாற்றிய பிறகு எது எத்தனை ரூபாய் என்று பெரியவர்களுக்கே மட்டுப்படாது. நூறு வைரம் வேண்டியிருந்தால் எண்பதுதான் ஒரு கட்டில் கிடைக்கும். இன்னொரு கட்டு வாங்கினால் மீதி தங்கும். மீதியைச் செலவழிக்க இன்னும் கொஞ்சம். உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாத மூடிய பெட்டியையும் விற்பார்கள். அதிர்ஷ்டம் இருந்தால் நல்ல சட்டை வரும். இல்லாவிட்டால் வெறும் பொம்மை. இது சூதாட்டமே என்று பெல்ஜியம் 2018-லேயே தீர்மானித்துவிட்டது.

நம் வீட்டுக் குழந்தைகள்தான் இப்படி என்று நினைக்கவேண்டாம். ஃபோர்ட்நைட் என்ற ஆட்டத்தில் பொத்தான்களைக் குழப்பமாக அமைத்து, பெற்றோர் சம்மதம் இல்லாமலே பிள்ளைகள் பணம் செலவழிக்க விட்டதாக அமெரிக்க அரசாங்க ஆணையம் குற்றம் சாட்டியது. எபிக் கேம்ஸ் கம்பெனி 2022 டிசம்பரில் அந்தக் குற்றச்சாட்டுக்காக 24 கோடியே 50 லட்சம் டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது.

பணம் கட்டி ஆடும் ரம்மி இதற்கும் ஒரு படி மேலே. 2003-ல் நம் மாநிலத்தில் லாட்டரிச் சீட்டை ஒழித்தபோது எத்தனை தாய்மார்கள் பெருமூச்சு விட்டார்கள்! வாசல் வழியாகப் போன சனியன் போன் வழியாகத் திரும்பி வந்தது. 2025-ல் தமிழக அரசு அதற்கு நள்ளிரவு முதல் காலை 5 மணி வரை தடை போட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் மத்திய அரசு பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களையே தடுத்துச் சட்டம் செய்தது. சட்டம் அதன் வேலையைச் செய்யட்டும். நாம் செய்யவேண்டியது இரண்டு. ரகசிய எண் பிள்ளைக்குத் தெரியக்கூடாது. போனில் கேம் இறக்கும் கடையின் அமைப்பில், எதை வாங்கினாலும் ஒவ்வொரு தடவையும் கடவுச்சொல் கேட்கும்படி செய்துவிட வேண்டும். ஐந்து நிமிஷ வேலை.

★

“அப்படியானால் விளையாட்டே வேண்டாம்!” என்று ஒரேயடியாகக் கதவைச் சாத்துகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. எங்கள் வடசென்னையில் சந்துக்குச் சந்து கேரம் பலகை உண்டு. ‘வேலையற்றவர்கள் வேலை’ என்று அதையும் கரித்துக் கொட்டியவர்கள் உண்டு. அந்தப் பலகையில் பழகிய காசிமா, ஆட்டோ ஓட்டுநரின் மகள், 2024 நவம்பரில் அமெரிக்காவுக்குப் போய் உலகக் கோப்பையில் மூன்று தங்கப் பதக்கம் வாங்கி வந்தாள். பத்தொன்பது காய், குழியில் விழுந்தால் ஆட்டம் முடிந்தது. பலகை யாரிடமும் வைரம் கேட்பதில்லை.

வீடியோ கேமிலும் அப்படி உண்டு. ‘வெண்பா’ என்று ஒன்று. கனடாவில் டொரான்டோவில் உள்ள விசை கேம்ஸ் 2023 ஜூலையில் வெளியிட்டது. இதில் துப்பாக்கி இல்லை, கார் ஓட்டம் இல்லை. கதாநாயகி வெண்பா, கனடாவில் குடியேறிய தமிழ்த் தாய். அம்மா கொடுத்த சமையல் புத்தகம் கிழிந்து, எழுத்து அழிந்து கிடக்கிறது. அழிந்த இடத்தை ஊகித்து நாம் சமைக்க வேண்டும். முதல் புதிரே இட்லிதான். தட்டுகளை எப்படி அடுக்கினால் ஆவி மேலே ஏறும்? அப்புறம் புட்டு, பிரியாணி. நடுவிலே, பள்ளிக்கூடத்தில் ‘கெவின்’ என்று கூப்பிடப்படும் மகன் கவின், அம்மாவின் சமையலுக்கும் பாஷைக்கும் வெட்கப்பட ஆரம்பிக்கிறான். பெற்ற வயிறு என்ன பாடுபடும் என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டுமா? 2024-ல் பிரிட்டனின் பாஃப்டா நிறுவனம், சிறந்த முதல் படைப்பு என்று இதற்கு விருது கொடுத்தது. ஒரு சினிமாப் பார்க்கிற நேரத்துக்குள் ஆடி முடித்துவிடலாம். முடிந்த பிறகு கைக்குட்டை தேவைப்படும், பணப்பை தேவைப்படாது.

ஆகையால், பிள்ளை ஆட்டம் கேட்டால் ‘கூடாது’ என்று அதட்டாதீர்கள். ‘சரி’ என்று தலையாட்டவும் வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்: இதற்கு முடிவு உண்டா? விலையை ரூபாயில் சொல்கிறானா? ஒரு தரம் கொடுத்தால் போதுமா? பாதியில் நிறுத்தினால் தண்டனை உண்டா?

நாலுக்கும் நல்ல பதில் வந்தால், இன்னொரு கன்ட்ரோலரை வாங்கி நீங்களும் உட்கார்ந்துவிடுங்கள். இட்லித் தட்டு அடுக்குகிற ஆட்டத்தில் நம்மை யார் ஜெயிக்க முடியும்?