மாவுப்பூச்சியும் மருந்துக்கடையும்

கோவைப் பக்கம் பொடக்காலியில் ஒரு பப்பாளி மரமாவது நிற்கும். 2008-ல் அந்த மரங்களில் பஞ்சு ஒட்டியது போல வெள்ளையாகப் படர்ந்தது. பஞ்சல்ல, மாவுப்பூச்சி! மெக்சிகோ பக்கத்துச் சரக்கு. இந்தியாவில் முதன்முதலில் கண்டுபிடிக்கப்பட்டது நம்ம கோவையில்தான். (பெருமைப்பட ஒன்றுமில்லை.)

பப்பாளியோடு நிற்கவில்லை. மரவள்ளி, பருத்தி, செம்பருத்தி என்று கண்டதிலும் ஏறியது. மல்பெரி போட்டவர்கள் பாடுதான் பெரும்பாடு. மருந்தடித்தால் அந்த இலையைத் தின்கிற பட்டுப்புழு செத்துப்போகும். அடிக்காவிட்டால் இலையே மிஞ்சாது. சரி, மற்றப் பயிருக்கு அடித்தவர்களாவது தப்பித்தார்களா? பூச்சியின் மேலிருக்கும் மெழுகு மருந்தை உள்ளே விடாது. முட்டைகளும் பஞ்சுப் பைக்குள் பத்திரம். செலவுக் கணக்கு மட்டும் ஏறியது.

2010-ல் போர்ட்டோரிகோவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவிகளை வரவழைத்து, பெருக்கி, தமிழ்நாட்டுத் தோட்டங்களில் விட்டார்கள். கொசுவை விடச் சின்னவை. மாவுப்பூச்சியின் உடம்புக்குள்ளேயே முட்டை வைக்கும். அதில் பிறக்கும் புழு பூச்சியை உள்ளிருந்தே தின்றுவிடும். சில மாதங்களில் ஆட்டம் அடங்கியது.

ஆனால் குளவிக்கு டீலர் இல்லை, கமிஷன் இல்லை, சுவர் விளம்பரமும் இல்லை. அதனால் இலையில் வெள்ளை தெரிந்ததும் கால்கள் இன்னமும் மருந்துக்கடைக்கே போகின்றன. அங்கே வாங்கி அடிக்கும் மருந்து பூச்சிக்கு முன்னால் குளவியைக் கொன்றுவிடும். 2016-ல் பொள்ளாச்சித் தென்னையில் சுருள் வெள்ளை ஈ வந்தபோதும் இதே கதைதான். அதை அடக்கும் என்கார்சியா குளவி தோப்பிலேயே இருந்தது, மருந்தடிக்காதீர்கள் என்று கெஞ்ச வேண்டியிருந்தது.

கடைக்காரரைத் திட்டிப் பயனில்லை, விற்பது அவர் பிழைப்பு. வேளாண் விரிவாக்க மையத்தில் விதை கிடைப்பது போலக் குளவியும் கிடைக்க வேண்டும். எந்தப் பூச்சிக்கு எது என்று சொல்ல ஒரு ஆளும் அங்கே உட்கார்ந்திருக்க வேண்டும்.