டிராகனைக் கொன்றது யார்? எழுதி வையுங்கப்பா!

ஒரு மேஜை. சுற்றி நாலைந்து பேர். பென்சில், காகிதம், இருபது முகம் கொண்ட ஒரு பகடை. ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு பாத்திரமாக இறங்கி விளையாடுவார்கள். ஒரே நாளில் முடிந்துவிடாது. வாரா வாரம் கூடி, சில சமயம் வருடக்கணக்கில் போகும். இந்த வகை ஆட்டங்களுக்கெல்லாம் மூத்தது 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. 1974இல் வெளிவந்தது. உருவாக்கியவர்கள் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இரண்டு அமெரிக்கர்கள். கதை சொல்பவருக்கு டஞ்சன் மாஸ்டர் என்று பெயர், சுருக்கமாக டி.எம்.

இந்த ஆட்டத்தில் கணக்குக்குப் பஞ்சமே இல்லை. பாத்திரம் எத்தனை அடி தாங்கும், பையில் எத்தனை அம்பு, எத்தனை பொற்காசு, எந்த லெவல்... எல்லாம் கேரக்டர் ஷீட்டில் இருக்கும். ஆனால் ஆறு மாதம் முன்னால் பாலத்தின் மேல் தனியாளாக நின்று மற்ற மூன்று பேரையும் தப்பிக்க விட்டது யார்? அதற்கு அந்தத் தாளில் கட்டம் கிடையாது. அங்கேதான் பிரச்சனை.

காமர்ஸ் பாஷையில் சொன்னால், கேரக்டர் ஷீட் என்பது இருப்பு நிலைக் குறிப்பு மாதிரி. இன்றைய தேதிக்கு என்ன இருக்கிறது என்று சொல்லும். அது எப்படி வந்தது என்று தெரிய வேண்டுமானால் குறிப்பேட்டைப் புரட்ட வேண்டும். பல மேஜைகளில் அந்தக் குறிப்பேடே கிடையாது! அக்கவுண்டன்சி வாத்தியார் யாராவது பார்த்தால் மயக்கம் போட்டு விழுவார் :-)

சரி, எழுதி வைத்தால் என்ன ஆகும்? அதற்கு இந்த ஆட்டத்தின் சொந்த வரலாற்றிலேயே பதில் இருக்கிறது.

2014இல் வந்த விதிப் புத்தகத்தைத் திறந்தால் மந்திரங்களின் பட்டியலில் சில விசித்திரமான பெயர்கள் கண்ணில் படும். டென்சரின் மிதக்கும் தட்டு, மெல்ஃபின் அமில அம்பு, டிராமிஜின் அழைப்பு மந்திரம். யார் இவர்கள்? 1970களில் கைகாக்ஸ் நடத்திய கிரேஹாக் என்ற தொடர் ஆட்டத்தோடு வந்த பாத்திரங்கள். டென்சர் என்பது அவருடைய மகன் எர்னஸ்டின் பாத்திரம். எர்னஸ்ட் என்ற பெயரின் ஆங்கில எழுத்துக்களைக் கலைத்துப் போட்டால் டென்சர். மெல்ஃப் இன்னொரு மகன் லூக்கினுடையது. பெயர் எழுத வேண்டிய இடத்தில் பெயரே இல்லை. ஆண், எல்ஃப் இனம் என்பதைக் குறிக்கும் ஆங்கில எழுத்துக்களைச் சேர்த்துப் படித்தார்கள், அதுவே பெயராகிவிட்டது. டிராமிஜ் என்பது ஜிம் வார்டு என்ற ஆட்டக்காரரின் பெயரைத் திருப்பிப் போட்டது. ஒரு வீட்டில் நடந்த விளையாட்டு. யாரோ அதை எழுதி வைத்தார்கள், அதனால் நாற்பது வருடம் கழித்தும் அச்சில் நிற்கிறது.

ஜப்பானில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். 1986இல் 'காம்ப்டிக்' பத்திரிகையில் ஒரு குழு ஆடிய ஆட்டத்தை, யார் என்ன பேசினார்கள் என்பது வரை உரையாடலாகவே தொடராக வெளியிட்டார்கள். அதற்கு 'ரீப்ளே' என்று பெயர். டி.எம். ஆக இருந்த ரியோ மிசுனோ பிறகு அதையே நாவலாக எழுதினார். 'லோடோஸ் தீவின் போர்' என்ற புகழ்பெற்ற அனிமே வந்தது அதிலிருந்துதான்.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் ஒரு வாதம் உண்டு. "நல்ல சம்பவம் என்றால் தானாகவே ஞாபகம் இருக்கும், மறந்து போனால் அது பெரிய சம்பவமே இல்லை." கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஞாபகம் நியாயமானது இல்லையே! எந்தக் குழுவிலும் சத்தமாகப் பேசுகிற ஒருவர் இருப்பார். அவர் இருபது போட்ட கதை ஐம்பது தடவை சொல்லப்படும். சொல்லச் சொல்ல வளரும். அதே சண்டையில் ஓரமாக உட்கார்ந்து, ஒவ்வொரு சுற்றிலும் தன் முறையை மற்றவர் காயத்தை ஆற்றுவதற்கே செலவழித்த ஆட்டக்காரரை யார் நினைக்கிறார்கள்? ஒரு வருடம் கழித்து அவருக்கே சந்தேகம் வரும், "இந்த ஆட்டத்துக்கு எதற்கு வருகிறோம்" என்று. பிறகு ஒரு வாரம் வர மாட்டார். அப்புறம் வரவே மாட்டார்.

ஞாபகத்தை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு ஆட்டத்தைப் படைத்தவர்களே உதாரணம். யாருடைய பங்கு எவ்வளவு, யாருக்கு எவ்வளவு ராயல்டி என்று 1979இல் ஆர்னெசன் வழக்குப் போட்டார். 1981இல் நீதிமன்றத்துக்கு வெளியே சமரசம் ஆனது. இன்றும் ரசிகர்கள் அந்தச் சண்டையை விடவில்லை. நிஜ மனிதர்கள் கதியே இது என்றால் கற்பனைப் பாத்திரங்களைப் பற்றிச் சொல்ல வேண்டுமா?

'தி பர்னிங் வீல்' என்று 2002இல் வெளிவந்த ஓர் ஆட்டம் இதைப் புரிந்துகொண்டிருக்கிறது. அதில் ஆட்டம் முடிந்ததும் எல்லோரும் சேர்ந்து பரிசு கொடுப்பார்கள். சிறந்த ஆட்டக்காரருக்கு ஒன்று, சத்தமில்லாமல் மாடாய் உழைத்தவருக்கு ஒன்று. அந்த இரண்டாவது பரிசுதான் முக்கியம்.

அப்படியானால் எப்படி எழுதுவது? விஷயம் ரொம்ப சிம்பிள்.

1. ஓர் ஆட்டத்துக்கு ஓரிரு வரி போதும். தேதி, பாத்திரம், செய்த காரியம். கடைசி ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். பத்துப் பக்கம் எழுத ஆரம்பித்தால் மூன்றாவது வாரமே நின்றுவிடும்.

2. எழுத வேண்டியது டி.எம். இல்லை. அவருக்கு ஏற்கனவே தலைக்கு மேல் வேலை. ஆட்டக்காரர்கள் முறை வைத்து எழுதட்டும். ஒரே நிபந்தனை, தன்னைப் பற்றி எழுதக் கூடாது, இன்னொருவரைப் பற்றித்தான் எழுத வேண்டும். அடுத்தவர் என்ன செய்கிறார் என்று கவனிக்கும் பழக்கம் இதிலேயே வந்துவிடும்.

3. புள்ளி போடக் கூடாது. இதில்தான் நிறையப் பேர் சறுக்குவார்கள். 1974 விதிகளில், குகையிலிருந்து கொண்டுவரும் பொற்காசு ஒன்றுக்கு ஓர் அனுபவப் புள்ளி. விளைவு? எல்லோரும் காசைத் தேடி ஓடினார்கள். எதை எண்ணுகிறோமோ அதைத்தான் ஆட்கள் துரத்துவார்கள். வீரச் செயலுக்குப் புள்ளி வைத்தால் அப்புறம் எல்லோரும் பாலத்தின் மேல் நிற்பார்கள், தப்பிக்க ஆள் இருக்காது! கிரெக் ஸ்டாஃபோர்டின் 'பெண்ட்ராகன்' (1985) புகழையே எண்ணாகக் கணக்கு வைக்கிறது, வீரர் இறந்தால் அதில் பத்தில் ஒரு பங்கு வாரிசுக்குப் போகும். அழகான விதி. ஆனால் அது புகழுக்காகவே வாழும் ஆர்தர் காலத்து வீரர்களைப் பற்றிய ஆட்டம், அங்கே பொருந்தும். மற்ற இடத்தில் கணக்கியல் தரம் 26 சொல்வதைக் கேட்பது நல்லது. ஒரு நிறுவனம் தானாக உருவாக்கிய நற்பெயரை அது சொத்தாகக் காட்ட விடாது. காரணம், நம்பகமாக அளக்க முடியாது. அளக்க முடியாததை எழுதலாம், விலை போடக் கூடாது.

4. சொதப்பல்களையும் எழுத வேண்டும். பகடையில் ஒன்று விழுந்து, காவலாளி மேலேயே தடுக்கி விழுந்த திருடனும் வரலாறுதான். வெற்றியை மட்டும் எழுதினால் அது விளம்பரம்.

5. எழுதியது கதைக்குள் திரும்பி வர வேண்டும். இது டி.எம். வேலை. பாலத்தில் நின்றவரின் பெயரை அந்த ஊர்க்காரர்கள் பாலத்துக்கு வைக்கட்டும். சத்திரத்தில் யாரோ அந்தக் கதையைத் தப்பும் தவறுமாகச் சொல்லட்டும். மெல்ஃபுக்குக் கிடைத்தது அதுதானே? கோப்பை இல்லை, ஓர் அம்பின் பெயர்.

"விளையாட வந்த இடத்திலும் ஹோம்வொர்க்கா?" என்று கேட்பவர்கள் இருப்பார்கள். மூன்று மணி நேரம் ஆடிவிட்டு ஐந்து நிமிடம் எழுதுவது ஹோம்வொர்க் இல்லை. அந்த ஐந்து நிமிடத்தில்தான் "இன்றைக்கு யார் என்ன செய்தார்கள்" என்று குழு ஒன்றாகப் பேசுகிறது. சில நாள் ஆட்டத்தை விட அந்தப் பேச்சே நன்றாக இருக்கும்.

எந்தத் தொடர் ஆட்டமும் என்றாவது ஒரு நாள் நின்றுவிடும். ஒருவருக்கு வேறு ஊரில் வேலை, ஒருவருக்குக் கல்யாணம், ஒருவருக்குப் பரீட்சை. பெரும்பாலும் கடைசி டிராகனைக் கொல்லாமலேயே நின்றுவிடும். அப்போது கேரக்டர் ஷீட்டால் ஒரு பிரயோஜனமும் இல்லை, பதினோராவது லெவலை வைத்துக்கொண்டு யார் என்ன செய்வது? ஆனால் ஓரத்தில் உட்கார்ந்து காயம் ஆற்றிய அந்த ஆட்டக்காரர் பத்து வருடம் கழித்து அந்த நோட்டைப் பிரித்தால், இன்னொருவரின் கையெழுத்தில் தன் பெயர் இருப்பதைப் பார்ப்பார். நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். இந்த வாரமே ஆரம்பிக்கலாம்.