விமானப் பணியாளர் வேலைவாய்ப்பு: தேவை பெருகுகிறது, பணித்தளம் செல்லும் தொலைவு யார் கணக்கில்?

புதுடெல்லி: இந்திய விமான நிறுவனங்கள் அண்மை ஆண்டுகளில் அடுத்தடுத்து அறிவித்த விமானக் கொள்முதல்கள், கேபின் குழுவில் பணியில் சேர விரும்பும் இளைஞர்களுக்குப் பெரும் நம்பிக்கை அளித்துள்ளன. ஆயினும், அந்தப் பணியில் கையில் மிஞ்சும் ஊதியத்தையும் கிடைக்கும் ஓய்வையும் தீர்மானிக்கும் ஒரு விஷயம் ஆட்சேர்ப்பு விளம்பரங்களில் பெரிதாக இடம்பெறுவதில்லை. பணியாளரின் வீட்டுக்கும் அவர் பணிக்கு வந்து சேர வேண்டிய விமான நிலையத்துக்கும் இடையிலான தொலைவே அது.

எத்தனை பேர் தேவை?

ஏர் இந்தியா 2023 பிப்ரவரியில் 470 விமானங்களையும், இண்டிகோ அதே ஆண்டு ஜூனில் 500 விமானங்களையும், ஆகாசா ஏர் 2024 ஜனவரியில் 150 விமானங்களையும் வாங்க முடிவு செய்தன. இந்த மூன்று அறிவிப்புகளின் கூட்டுத்தொகை மட்டும் 1,120.

50 பயணிகள் இருக்கைகளுக்குக் குறைந்தது ஒரு கேபின் பணியாளர் இருக்க வேண்டும் என்பது சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் (டிஜிசிஏ) விதி. இதன்படி, 180 இருக்கைகள் கொண்ட ஏர்பஸ் ஏ320 விமானத்தில் நான்கு பேர் பணியாற்ற வேண்டும். அது ஒரு குழுவுக்கான கணக்கு மட்டுமே. விமானம் அதிகாலை முதல் நள்ளிரவு வரை பறக்கும். மனிதர்களுக்கோ பணிநேர வரம்பு, ஓய்வு, வார விடுப்பு, பயிற்சி நாள்கள் உண்டு. ஆகவே, ஒரே விமானத்துக்குப் பல குழுக்கள் தேவைப்படுகின்றன.

எனினும், இந்த விமானங்கள் அனைத்தும் ஒரே நேரத்தில் வந்துவிடப் போவதில்லை. பல ஆண்டுகளில் படிப்படியாகவே வரும். அவற்றில் ஒரு பகுதி பழைய விமானங்களுக்கு மாற்றாக அமையும். ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலிலும், கோ ஃபர்ஸ்ட் 2023 மே மாதத்திலும் சேவையை நிறுத்தியபோது, பயிற்சி பெற்ற பல்லாயிரம் ஊழியர்கள் ஒரே நாளில் நிச்சயமற்ற நிலைக்குத் தள்ளப்பட்டதையும் மறந்துவிட இயலாது.

தேர்வுக்கு எது அவசியம்?

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சி, இந்தியக் கடவுச்சீட்டு, ஆங்கிலத்திலும் இந்தியிலும் பேசும் திறன், மருத்துவத் தகுதி ஆகியவை பெரும்பாலான நிறுவனங்களின் அடிப்படை எதிர்பார்ப்புகள். புதியவர்களுக்குப் பொதுவாக 18 முதல் 27 வயது வரை வாய்ப்பு தரப்படுகிறது. பெண்களுக்குக் குறைந்தபட்ச உயரமாக 155 சென்டிமீட்டர் கேட்கப்படுகிறது. சீருடைக்கு வெளியே தெரியும் பச்சை குத்தல்கள் இருந்தால் வாய்ப்பு குறையும்.

தனியார் நிறுவனங்கள் பெரும் கட்டணத்தில் நடத்தும் 'ஏர் ஹோஸ்டஸ்' பட்டயப் படிப்புகள் இந்த வேலைக்குக் கட்டாயமில்லை. பேச்சுத்திறனையும் தன்னம்பிக்கையையும் வளர்த்துக்கொள்ள அவை உதவலாம். ஆனால், அவசரகால வெளியேற்றம், தீயணைப்பு, முதலுதவி போன்ற அங்கீகரிக்கப்பட்ட பயிற்சியைத் தேர்வானவர்களுக்கு விமான நிறுவனமே அளிக்கிறது. நேர்முகத் தேர்வுக்கோ பணி நியமனத்துக்கோ பணம் வசூலிப்பதில்லை என்றும், நிறுவனத்தின் பெயரில் பணம் கேட்போரை நம்ப வேண்டாம் என்றும் முன்னணி நிறுவனங்கள் தொடர்ந்து எச்சரித்து வருகின்றன.

வீடு ஓர் ஊரில், பணித்தளம் வேறு ஊரில்

2014-ஆம் ஆண்டில் 74 ஆக இருந்த இந்திய விமான நிலையங்களின் எண்ணிக்கை இப்போது 150-ஐத் தாண்டியுள்ளது. 2017-இல் தொடங்கிய 'உடான்' திட்டம் சிறுநகரங்களுக்கும் விமானங்களைக் கொண்டு சேர்த்தது. ஆனால், ஓர் ஊரில் விமானம் இறங்குவதால் மட்டும் அந்த ஊரில் விமானப் பணி கிடைத்துவிடாது. கேபின் குழுவினர் 'பேஸ்' எனப்படும் பணித்தளத்துடன் இணைக்கப்படுகின்றனர். டெல்லி, மும்பை, பெங்களூரு, ஹைதராபாத், சென்னை, கொல்கத்தா போன்ற பெருநகரங்களிலேயே பெரும்பாலான பணித்தளங்கள் உள்ளன. எந்தத் தளம் என்பதை நிறுவனமே முடிவு செய்கிறது. பணியாளரின் விருப்பம் கேட்கப்பட்டாலும் அதற்கு உறுதி இல்லை.

அமெரிக்காவில் ஒரு நகரில் வசித்துக்கொண்டு, காலியிருக்கும் இருக்கையில் மற்றொரு நகரின் பணித்தளத்துக்குப் பறந்து செல்வது வழக்கமான ஒன்று. இடையில் தங்குவதற்காகப் பலர் சேர்ந்து விமான நிலையம் அருகே அறை எடுத்துக்கொள்கின்றனர். இந்தியாவில் அந்த வழி எளிதன்று. ஊழியர் சலுகைப் பயணச்சீட்டு பொதுவாக இருக்கை காலியாக இருந்தால் மட்டுமே பயன்படும். தீபாவளி, சத் பூஜை போன்ற காலங்களில் அதை நம்பிப் பணிக்குக் கிளம்ப இயலாது. இதற்கிடையே, காத்திருப்புப் பணியில் இருப்பவர் அழைப்பு வந்ததும் குறித்த நேரத்துக்குள் விமான நிலையத்தில் இருக்க வேண்டும். எனவே, பாட்னாவிலோ கவுகாத்தியிலோ குடும்பம் இருந்தாலும், பெங்களூரில் வாடகை கொடுத்துத் தங்குவதைத் தவிர வேறு வழி இல்லை.

அதிகாலை இரண்டரை மணி

பெருநகருக்குக் குடிபெயர்ந்த பின்னரும் தொலைவு குறைவதில்லை. பெங்களூரின் விமான நிலையம் நகரின் மையத்திலிருந்து 35 கிலோமீட்டருக்கும் மேலான தொலைவில் தேவனஹள்ளியில் உள்ளது. நவி மும்பையில் 2025 டிசம்பரில் சேவை தொடங்கியதால், மும்பைப் பகுதிப் பணியாளர்கள் இரு விமான நிலையங்களையும் கருத்தில் கொண்டே வீடு தேட வேண்டியுள்ளது. டெல்லி, சென்னை விமான நிலையங்களுக்கு மெட்ரோ ரயில் உண்டு. ஆனால் பின்னிரவில் அது ஓடுவதில்லை.

காலை 6 மணிக்குப் புறப்படும் ஓர் உள்நாட்டு விமானத்தை எடுத்துக்கொள்வோம். குழுவினர் சுமார் ஒரு மணி நேரம் முன்னதாக, அதாவது 5 மணிக்கு வந்துசேர வேண்டும். பயணத்துக்கு ஒரு மணி நேரம் என்றால் வீட்டிலிருந்து 4 மணிக்குக் கிளம்ப வேண்டும். வாகனம் வழியில் வேறு சிலரையும் ஏற்றிக்கொண்டால் மேலும் அரை மணி நேரம். சீருடை, ஒப்பனை, சிகை என நிறுவனம் வகுத்த தோற்ற விதிகளுக்கு ஒரு மணி நேரம். ஆக, இரண்டரை மணிக்கே எழுந்தாக வேண்டும். பணிநேரமோ விமான நிலையத்தில் வருகையைப் பதிவு செய்த பிறகே தொடங்குகிறது. அதற்கு முன் கழிந்த இரண்டரை மணி நேரம் எந்த ஏட்டிலும் இல்லை.

பல நிறுவனங்கள் வீட்டிலிருந்து அழைத்துச் செல்ல வாகனம் அளிக்கின்றன. அது எத்தனை கிலோமீட்டர் வரை, எந்த நேரங்களில் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த பணியிடப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, பெண்களை இரவு 7 மணிக்குப் பிறகும் காலை 6 மணிக்கு முன்பும் பணியமர்த்த அவர்களின் ஒப்புதலையும், அரசு வகுக்கும் பாதுகாப்பு நிபந்தனைகளையும் கட்டாயமாக்குகிறது. வீட்டு வாசல் முதல் பணியிடம் வரையிலான பயணம் பாதுகாப்பாக இல்லையெனில், அந்த ஒப்புதலுக்குப் பொருள் இராது.

களைப்பு தனிப்பட்ட விஷயமா?

2009 பிப்ரவரியில் அமெரிக்காவின் பஃபலோ அருகே கோல்கன் ஏர் விமானம் விழுந்து 50 பேர் உயிரிழந்தனர். அதன் துணை விமானி, சியாட்டில் பகுதியிலிருந்து இரவெல்லாம் பயணம் செய்து நியூவார்க் பணித்தளத்துக்கு வந்தவர். விமானியின் தவறான செயல்பாடே விபத்துக்குக் காரணம் என விசாரணை அமைப்பு முடிவு செய்தபோதிலும், இருவரும் களைப்புற்றிருக்கக்கூடும் என்பதையும் பதிவு செய்தது. நெடுந்தூரப் பயணம் செய்து பணிக்கு வருவது பற்றிய விவாதம் அதன் பிறகே வலுப்பெற்றது.

வீட்டிலிருந்து பணித்தளத்துக்கு வர வழக்கமாக 90 நிமிடங்களுக்கு மேல் ஆகுமானால், அருகிலேயே தற்காலிகத் தங்குமிடத்துக்கு ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும் என ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு முகமை வழிகாட்டுகிறது. அமெரிக்கா 2022-இல் விமானப் பணியாளர்களின் குறைந்தபட்ச ஓய்வை 9 மணி நேரத்திலிருந்து 10 மணி நேரமாக உயர்த்தியது.

இவை விமானிகளுக்கு மட்டும் உரியவை அல்ல. 2024 ஜனவரி 2 அன்று டோக்கியோவின் ஹனேடா விமான நிலையத்தில் தீப்பிடித்த ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானத்திலிருந்து 379 பேரும் உயிருடன் வெளியேறியதில் கேபின் குழுவினரின் விழிப்புக்குப் பெரும் பங்கு உண்டு. உணவு பரிமாறுவது இப்பணியின் கண்ணுக்குத் தெரியும் பகுதி மட்டுமே. இத்தகைய தருணத்தில் விழிப்போடு இருப்பதே அதன் மூல நோக்கம்.

ஊதியமும் பேரமும்

நிலையான சம்பளத்துடன், பறந்த நேரத்துக்கேற்ற படியும் சேர்ந்ததே பொதுவான ஊதிய முறை. அதனால், தரையில் கழியும் நேரத்துக்கு என்ன மதிப்பு என்ற கேள்வி உலகெங்கும் எழுந்துள்ளது. 2025 ஆகஸ்டில் ஏர் கனடாவின் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட விமானப் பணியாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, தரைப்பணிக்கு ஊதியம் என்பதே முதன்மைக் கோரிக்கையாக இருந்தது.

இந்தியாவிலும் அதிருப்தி வெளிப்பட்டதுண்டு. 2024 மே மாதத்தில் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் பணியாளர்கள் ஒரே நேரத்தில் உடல்நலக் குறைவு எனத் தெரிவித்து விடுப்பில் சென்றதால் நூற்றுக்கும் மேற்பட்ட விமானங்கள் ரத்தாயின. 25 பேர் பணிநீக்கம் செய்யப்பட்டனர். பின்னர் தலைமைத் தொழிலாளர் ஆணையர் முன்னிலையில் நடந்த சமரசப் பேச்சில் அந்த நடவடிக்கை திரும்பப் பெறப்பட்டது. அமைதியான காலத்தில் கேட்கப்படாத குறைகள், பயணிகள் பாதிக்கப்பட்ட பிறகே மேசைக்கு வந்தன.

கையொப்பத்துக்கு முன்

தேர்வானவர்கள் சிலவற்றை எழுத்துப்பூர்வமாகத் தெரிந்துகொள்வது நல்லது. பணித்தளம் எது, அதை எப்போது மாற்றலாம்? வாகன வசதி எத்தனை கிலோமீட்டர் வரை? காத்திருப்புப் பணியில் எவ்வளவு நேரத்துக்குள் வர வேண்டும்? பயிற்சிக் காலத்தில் ஊதியமும் தங்குமிடமும் உண்டா? இடையில் விலகினால் எவ்வளவு தொகை கட்ட வேண்டும்? பறக்கும் நேரம் குறைந்த மாதத்தில் கையில் என்ன கிடைக்கும்? இவற்றுக்கான விடைகளிலிருந்து வாடகையையும் பயணச் செலவையும் கழித்துப் பார்த்தால்தான் விளம்பரத்தில் கண்ட ஊதியத்தின் உண்மையான அளவு தெரியும்.

ஒழுங்குமுறை அமைப்புக்கும் இதில் பங்கு உண்டு. ஐரோப்பாவைப் போல, வீட்டுக்கும் பணித்தளத்துக்கும் இடையிலான பயண நேரத்தைக் களைப்பு மேலாண்மை வழிகாட்டுதல்களில் இந்தியாவும் தெளிவாகச் சேர்க்கலாம். சிறுநகர விமான நிலையங்களில் போக்குவரத்து பெருகும்போது, அங்கெல்லாம் சிறிய பணித்தளங்களைத் தொடங்குவது நிறுவனங்களுக்கும் விடுதிச் செலவை மிச்சப்படுத்தும். புதிய விமானங்களுக்கு முன்பணம் செலுத்தும் நிறுவனங்கள், அவற்றில் பணியாற்றப் போகிறவர்கள் உறங்கி எழுந்து வரும் வழியையும் திட்டத்தில் சேர்த்தாக வேண்டும்.