உண்மையான செலவை எழுதுங்கள்



இங்கிலாந்திலும் வேல்ஸிலும், கடனைத் தள்ளுபடி செய்ய உதவும் கடன் நிவாரண ஆணைக்கு 2024 ஏப்ரல் முதல் கட்டணம் இல்லை. அதே ஆண்டு ஜூன் முதல் கடன் வரம்பும் 50,000 பவுண்களாக உயர்ந்துவிட்டது. ஆனாலும் நம்மவர்கள் விண்ணப்பத்தின் வரவுசெலவுக் கணக்கில் இடறுகிறார்கள். அவசியச் செலவு போக மாதம் மிஞ்சுவது 75 பவுண்களைத் தாண்டக்கூடாது. மானத்துக்கு அஞ்சி, சிக்கனமான குடும்பம் என்று காட்ட, சாப்பாட்டையும் காஸ் பில்லையும் குறைத்து எழுதினால் தாளில் மிச்சம் கூடிவிடும், தகுதி போய்விடும். பிள்ளைகளின் சப்பாத்து, சீருடை, பல் வைத்தியம், கார் திருத்தம் என எப்போதாவது வருவதையும் ஆண்டுக்குக் கணக்கிட்டுப் பன்னிரண்டால் வகுத்துச் சேருங்கள். கூட்டியும் எழுதாதீர்கள், வங்கிக் கணக்கையும் பார்ப்பார்கள்.

சீட்டுப் பாக்கியும் உறவினரிடம் வாங்கிய கைமாற்றும் கடன்தான். அவற்றை மறைப்பதும், விண்ணப்பிக்குமுன் மச்சானுக்கு மட்டும் கொடுத்துத் தீர்ப்பதும் ஆபத்து. ஆணை கிடைத்தால், அதில் அடங்கிய கடன்களுக்கு 12 மாதம் நெருக்கடி இல்லை. நிலைமை மாறாவிட்டால் பின்னர் அவை தள்ளுபடியாகும்.

அங்கீகாரம் பெற்ற ஆலோசகர் வழியாகவே விண்ணப்பிக்க முடியும். சிட்டிசன்ஸ் அட்வைஸ் போன்ற இலவச அமைப்புகள் இருக்கின்றன. காசு கேட்கும் தரகர்களிடம் போகாதீர்கள்.

வாசகர் ஒருவர்,
ஹரோ, லண்டன்